பங்கில்லாதவரின் கையெழுத்து

1

அக்காவின் திதி செவ்வாய்க்கிழமை வந்தது. லண்டனில் செவ்வாய்க்கிழமை ஒருவருக்கும் லீவு இல்லை. கோயில் ஐயர்கூட வார நாட்களில் வேறு வேலைக்குப் போகிறார். ஆகவே ஆட்டைத் திவசத்தை, முதலாம் ஆண்டுத் திவசத்தை, சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தோம். உயிரோடு இருந்தபோது அவளைக் காத்திருக்க வைத்தார்கள். செத்த பிறகு நாங்களும் அதையே செய்கிறோமே என்று இவரிடம் சொன்னேன். இவர் என் கணவர், அதிகம் பேசமாட்டார். தலையை ஆட்டிவிட்டுத் தேங்காய் துருவப் போனார்.

சனிக்கிழமை காலை குசினியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். மகள் மதுரா ஃபோனும் கையுமாக வந்தாள். அவள் சட்டம் படித்தவள். எந்தச் சட்டத்தை எப்படித் திருத்தலாம் என்று இந்த நாட்டு அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழு ஒன்றில் ஆய்வாளராக இருக்கிறாள். மாதத்தில் ஒருமுறை வீட்டுக்கு வருவாள். வந்தாலும் பாதி நேரம் ஃபோனில்தான்.

“அம்மா, எங்கட ரிப்போர்ட்டுக்கு கவர்ன்மென்ட் ரிப்ளை பண்ணிட்டினம்! நேற்றுப் பின்னேரம் வந்திருக்கு.”

“என்னவாம்?”

“கொஞ்சம் ஓம், கொஞ்சம் நோ. ஆனா நோ சொன்னதுக்கெல்லாம் ஏனெண்டு ரீசன் எழுதியிருக்கினம்.”

“இல்லையெண்டு சொன்னதுக்கோ இந்தத் துள்ளல்?”

“பதில் வந்திருக்கம்மா. பதில்.”

கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். வாழைக்காய்ப் பால் லேசில் போகாது. அதைத் தேய்க்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவள் “வாட் ஹப்பன்ட்?” என்று கேட்டாள். வெங்காயம் என்றேன். திவசச் சமையலில் வெங்காயம் சேர்ப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அதனால் நம்பிவிட்டாள்.

ஏன் அழுதேன் என்று அவளுக்குச் சொல்லாததை, இதை வாசிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் கொழும்பில் இருக்கிறீர்கள். அந்த ஒழுங்கைகளும் படிகளும் உங்களுக்குத் தெரியும்.

2

என் அக்கா சரோஜினி. எங்களுக்குச் சறோ. கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். ஓய்வு பெறும்வரை வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய் வந்தாள். பிந்தி வருகிற பிள்ளைக்கு ஏச்சு விழும். பிந்தி வருகிற பஸ் கொண்டக்டருக்கும் விழும், அது சிங்களத்தில்.

அப்பா யாழ்ப்பாணத்துக் காணியை விற்று, காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாங்கி அவளுக்குச் சீதனமாக எழுதினார். உறுதிப் பத்திரம் அவள் பெயரில்தான். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். அந்த வயதில் யார் படியை எண்ணினார்கள்? கொழும்பில் வீடுள்ள பொம்பிளை என்பதே பெரிய பேச்சாக இருந்தது.

அக்காவைக் கட்டிய அத்தான் தன் கலியாண வீட்டில் பந்திக்குப் பந்தி தானே குனிந்து பரிமாறினார். மாப்பிள்ளை இப்படிச் செய்வாரா என்று எல்லோருக்கும் ஆச்சரியம். “நல்ல மனிசன்” என்றார் அப்பா. நல்ல மனிதன் என்று நாங்களும் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

நாலாம் வருடம் அவர் பிரான்ஸ் போனார். போய் இருந்துகொண்டு கூப்பிடுவதாகச் சொன்னார். முதலில் வாரம் ஒரு ஃபோன் வந்தது. பிறகு தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. பாரிஸ் தேர்த்திருவிழாவில் தோளில் ஒரு பிள்ளையோடு அவரைக் கண்டதாக உறவுக்காரர் ஒருவர் சொன்னார். “ஆரையோ பாத்திட்டு அவரெண்டு சொல்லுதுகள்” என்று அக்கா ஃபோனை வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் கேட்டால், “அவர் அங்க அலுவலா நிக்கிறார்” என்பாள். ஒவ்வொரு காலையும் குங்குமம் வைப்பாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வசனம் மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

ஓய்வு பெற்ற கொஞ்சக் காலத்தில் முழங்கால் இரண்டும் விட்டுவிட்டன. பிறகு இதயமும் சரியில்லை, படி ஏறக்கூடாது என்றார் டொக்டர். ஏறக்கூடாதென்றால் இறங்கவும் முடியாதுதானே. பல்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி மரக்கறி வாங்கப் பழகினாள். கீழே தள்ளுவண்டிக்காரன் நிற்பான். “மல்லி, போஞ்சி தியனவாத?” என்று மேலேயிருந்து சிங்களத்தில் கேட்பாள், தம்பி, போஞ்சிக்காய் இருக்கோ என்று. கூடை போகும், போஞ்சி வரும். நான் வீடியோவில் கதைக்கும்போது, “இண்டைக்குக் கூடைதான் வெளியில போய் வந்தது. எனக்கும் சேத்துக் காத்து வாங்கியிருக்கும்” என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

3

கொட்டாஞ்சேனையில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், அவளிடம் படித்த பிள்ளை ஒருத்தி தன் சிறிய வீட்டை விற்க இருந்தாள். நிலத்தோடு இருந்த வீடு. வாசலில் ஒரே ஒரு படி. வெள்ளவத்தை வீட்டை விற்று அதை வாங்குவது என்று அக்கா முடிவெடுத்தாள். வெள்ளவத்தை வீட்டுக்கு ஆட்களும் வந்தார்கள். அவர்களுடைய சட்டத்தரணி உறுதியைப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

“புருசன்ட எழுத்துச் சம்மதம் எங்க?”

அக்கா நம்பவில்லை. “வீடு என்ர பேரில. அப்பா தந்த சீதனம். அதுவும் கொழும்பில இருக்கு. கொழும்பு வீட்டுக்கு யாழ்ப்பாணத்துச் சட்டமோ?”

நம்மவர்களில் பாதிப் பேர் விடுகிற பிழை இது. ரயிலேறி வெள்ளவத்தைக்கு வந்துவிட்டால் தேசவழமை என்கிற யாழ்ப்பாணத்துச் சட்டம் பின்னால் வராது என்று நினைக்கிறோம். அது காணியோடு மட்டும் கிடக்கிற சட்டமல்ல, ஆளோடு கூட வருகிற சட்டம். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் கலியாணம் செய்துவிட்டால், தன் சொந்த வீட்டையும் புருஷன் எழுத்தில் சம்மதம் தராமல் விற்க முடியாது. அந்தச் சீதன வீட்டில் புருஷனுக்கு ஒரு பங்கும் கிடையாது. பங்கில்லாதவருக்குக் கையெழுத்து மட்டும் உண்டு.

அக்கா தனக்கென்று ஒரு சட்டத்தரணியைப் பிடித்தாள். பொறுமையான இளம் பெடியன். அவன் இரண்டு வழி சொன்னான். முதலாவது, புருஷன் கைவிட்டுவிட்டார் என்று மாவட்ட நீதிமன்றத்தில் சொல்லி நீதிபதியின் அனுமதியை எடுக்கலாம். இரண்டாவது, நாங்கள் கொழும்பு ஆட்கள், திரும்பி யாழ்ப்பாணம் போகிற எண்ணமே இல்லை என்று காட்டினால், தேசவழமை தனக்கில்லை என்று வாதாடலாம்.

“ரெண்டும் ஏலாது” என்றாள் அக்கா, எனக்கு ஃபோனில். “ஒண்டு பொய். மற்றது...” என்று நிறுத்திவிட்டாள்.

பொய் என்று அவள் சொன்னது இரண்டாவது வழியை. திரும்பிப் போவேன் என்பது அவளுக்கு மெய்யாகவே எண்ணமாக இருந்தது. படியால் இறங்க முடியாதவள் யாழ்ப்பாணத்துக்கு எப்படிப் போவாள் என்று நான் கேட்டேன். போகிறதும் போகாததும் வேறு, எண்ணம் வேறு என்றாள். நான் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தபோது, இனி இங்கேதான் இருப்பீர்களா என்ற கேள்விக்கு ஒரு நிமிடமும் யோசிக்காமல் ஓம் என்று போட்டவள். அவளோடு வாதாட எனக்கு என்ன வாய் இருக்கிறது?

அந்த ‘மற்றது’, முதலாவது வழி, நீதிமன்றத்தில் ஏறி வாய்திறந்து சொல்ல வேண்டிய வசனம். அதை அவள் சொல்லமாட்டாள். வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு வாடகை வீட்டுக்குப் போ என்றேன். வயசுபோன காலத்தில் வீட்டுக்காரியோடு மல்லுக்கட்ட ஏலாது என்றாள். இப்படியே இழுபட்டது.

4

அப்போதுதான் அந்தக் குழு வந்தது. இப்படிப்பட்ட பழைய சட்டங்களில் எதை மாற்ற வேண்டும் என்று ஆராய்ந்து அமைச்சருக்குச் சொல்ல ஒரு நிபுணர் குழுவை நியமித்தார்கள். பொதுமக்களும் வந்து சொல்லலாம் என்று பத்திரிகையில் போட்டார்கள். இளம் சட்டத்தரணி அக்காவிடம், “ரீச்சர், நீங்கள் போய்ச் சொன்னா உங்களுக்கு மட்டுமில்லை, எல்லாப் பொம்பிளையளுக்கும் உதவும்” என்றான். படிப்பித்தவளை அசைக்க அது போதும்.

நான் லீவில் கொழும்பில் நின்றேன். அக்காவைக் கதிரையில் இருத்தி, அயலில் இருந்த இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “ஆட்டாமல் தூக்குங்கோ, நான் சாமியில்லை” என்று பகிடி விட்டாள்.

மண்டபத்தில் நீள மேசை. நடுவில் ஓய்வுபெற்ற தமிழ் நீதிபதி ஒருவர், பக்கத்தில் சிங்களப் பேராசிரியை ஒருவர், இன்னும் மூன்று பேர். அவர்களில் ஒருவர் நம்மூர் மூத்த சட்டத்தரணி. நீதிபதி எழுந்து நின்று, “அம்மா, ஆறுதலா இருந்து கதையுங்கோ. அவசரமில்லை” என்றார். அரசாங்கக் கச்சேரியிலும் வங்கியிலும் குடிவரவுக் கந்தோரிலும் காத்திருந்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் அந்த ‘அவசரமில்லை’யின் அருமை தெரியும். பேராசிரியைக்கு ஒரு பெண் மெல்லிய குரலில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டையும் படியையும் கூடையையும் பற்றிச் சொன்னாள். மூத்த சட்டத்தரணி குறுக்கே வந்தார்.

“இந்தச் சம்மதம் பொம்பிளையளுக்கு ஒரு பாதுகாப்பெண்டுதான் வைச்சது. ஆரும் ஏமாத்தி எழுதி வாங்காமல்.”

“ஐயா, ஆரிட்ட இருந்து பாதுகாப்பு?” என்றாள் அக்கா. “நான் படிப்பிச்ச பிள்ளையள் இண்டைக்கு பாங்கில மனேஜராய் இருக்கினம். அவைக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தனான். என்ர வீட்டை விக்க எனக்குக் கணக்குத் தெரியாதோ?”

பேராசிரியை மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். நீதிமன்றத்தில் அனுமதி எடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதை ஏன் எடுக்கவில்லை?

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அங்க போனா, அவர் என்னை விட்டிட்டுப் போனவர் எண்டு சொல்லோணும். நான் அதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. என்ர தங்கச்சி இருக்கிறா, அவவுக்கும் சொன்னதில்லை.” நீதிபதியின் பேனையைப் பார்த்தாள். “இப்ப சொல்லுறன். அவர் என்னை விட்டிட்டுப் போனவர். எழுதுங்கோ.”

நீதிபதி தலையைக் குனிந்து எழுதினார். எனக்கு எழுந்துபோய் அக்காவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து இருந்தாள், கிட்டப் போகப் பயமாக இருந்தது.

திரும்பும்போது ஓட்டோவைக் கொட்டாஞ்சேனைக்கு விடச் சொன்னாள். அந்த வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்காமல், ஒற்றைப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

“சொல்லிட்டாய்தானே அக்கா. இனிக் கோர்ட்டில சொல்லுறதுக்கென்ன?”

“அங்க சொன்னது எல்லாருக்குமான சட்டத்துக்கு. கோர்ட்டில சொன்னா அது எனக்கு மட்டும்.” பிறகு, “சட்டம் வரட்டும். அந்த ஜட்ஜ் மனிசர் எழுதினவர்” என்றாள்.

5

அந்தக் குழுவில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேர்மையாக வேலை செய்தார்கள். சம்மதம் தேவை என்ற பகுதியை நீக்க வேண்டும் என்று எழுதினார்கள். பாதுகாப்பு என்று சொன்ன மூத்த சட்டத்தரணியும் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார் என்று இளம் சட்டத்தரணி வந்து சொன்னான். சட்டத்தைக் கரைத்துக் குடித்த ஒருவரின் மனம், படி இறங்க முடியாத ஒரு ரீச்சரின் ஒரு கேள்வியால் மாறியிருக்கிறது. பாராளுமன்றத்தில் கத்துகிற கத்தலில் இது நடக்குமா? சட்டத்தை எழுதுவதற்கு முதல், அது யாருடைய கழுத்தில் விழுகிறது என்று பார்க்க இப்படி ஒரு மேசையும் அவசரமில்லாத நாலு மனிதர்களும் கட்டாயம் வேண்டும். இதை நான் இப்போதும் சொல்கிறேன்.

அறிக்கை அமைச்சருக்குப் போனது. பத்திரிகையில் ஒரு படம் வந்தது, எல்லோரும் நின்று சிரித்தார்கள். பிறகு ஒன்றுமில்லை. ஏற்றுக்கொண்டோம் என்றும் இல்லை, மறுத்தோம் என்றும் இல்லை. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. புதியவர்கள் அந்த அறிக்கையை ஆராய இன்னொரு குழுவை நியமித்தார்கள். அந்தக் குழுவும் அக்காவைக் கூப்பிட்டது.

“சொன்னதைத் திருப்பிச் சொல்ல என்னால ஏலாது” என்றாள் அக்கா. “பழைய பேப்பரில இருக்கு. பாக்கச் சொல்லு.”

அவர்கள் பார்த்தார்களோ தெரியாது. அவள் மட்டும் ஒவ்வொரு நாளும் இரவுச் செய்தியைக் கேட்டாள். வீடியோவில் நான் எடுத்தால், “ஒண்டும் சொல்லேல்லை” என்பாள், டொக்டரின் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. என்னைக் கேட்டால், குழு வராமலே இருந்திருந்தால் களைத்துப்போய் ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போயிருப்பாள். நல்ல மனிதர்கள் கேட்டு எழுதியதால் அவள் நம்பினாள். நம்பிக்கை அவளை மூன்றாம் மாடியிலேயே வைத்திருந்தது. இதை நினைத்தால் எனக்கு யாரிடம் கோபப்படுவதென்றே தெரிவதில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டை, அக்காவிடம் படித்த பிள்ளை பொறுக்குமட்டும் பொறுத்துவிட்டு விற்றாள். அதை இடித்து இப்போது மாடி வீடுகள் கட்டுகிறார்கள். அதில் லிஃப்ட் உண்டாம்.

6

மதுராவுக்கும் எனக்கும் இதில் ஒரு சண்டை உண்டு. அந்த நாட்களில் அவள் குழுவுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு மனு எழுதி அனுப்பினாள். நல்ல எழுத்து. ஆனால் என்னிடம் பேசும்போது, “பெரியம்மா ஒரு பெர்ஃபெக்ட் கேஸ் ஸ்டடி” என்றாள்.

“என்ர அக்கா கேஸ் ஸ்டடி இல்லை” என்று கத்தினேன்.

“அம்மா, ஐ டிடின்ட் மீன்...” என்று தொடங்கியவள் பாதியில் விட்டாள். தமிழில் அதைச் சொல்ல அவளுக்குச் சொல் இல்லை, ஆங்கிலத்தில் கேட்க எனக்கு மனமில்லை. கொஞ்ச மாதம் வீட்டுக்கு வரவில்லை.

இப்போது நினைத்தால் அவளுடைய கோபம் என்னுடையதைவிடச் சுத்தமானது. அவள் சொன்னதன் சாரம் இதுதான். இங்கேயும் நிபுணர்கள் எழுதுகிற எல்லாம் சட்டமாவதில்லை, அலுமாரியில் தூங்குகிற அறிக்கைகள் இங்கேயும் உண்டு. ஆனால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. மாட்டேன் என்றாலும் ஏன் மாட்டேன் என்று எழுத வேண்டும். மறுக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் அக்கா அடுத்த வழியைப் பார்த்திருப்பாள். ஒரு ‘இல்லை’ கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

7

போன வருடம் ஒரு காலையில் கூடை இறங்கவில்லை. தள்ளுவண்டிக்காரன் கீழேயிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அயலாரிடம் சொல்லியிருக்கிறான். அவள் கட்டிலில் நித்திரையிலேயே போயிருந்தாள். நெற்றியில் முதல் நாள் குங்குமம் இருந்ததாம். ஒடுங்கிய படி என்பதால் பெட்டியைச் சரித்துத்தான் இறக்க முடிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அத்தானுக்கு யாரும் அறிவிக்கவில்லை. விலாசம் தெரிந்தால்தானே அறிவிக்கலாம்.

பிள்ளை இல்லாதவளின் சீதன வீடு கூடப்பிறந்தவளுக்கு வரும் என்றான் இளம் சட்டத்தரணி. இப்போது அவனுக்கும் நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே வீடு எனக்கு வந்தது. விற்கலாம் என்று முடிவெடுத்தபோது அவன் ஃபோனில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அன்ரி, உங்களை யாழ்ப்பாணத்து ஆளெண்டு போடவோ, இல்லையெண்டு போடவோ? நீங்கள் வெளிநாட்டுப் பிரஜைதானே. இல்லையெண்டு போட்டா அங்கிளின்ர சம்மதம் தேவையில்லையெண்டு சொல்லிப் பாக்கலாம்.”

அக்கா அந்த வீட்டிலிருந்துகொண்டு சொல்ல மறுத்ததை, நான் லண்டன் ஹரோவிலிருந்துகொண்டு சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை.

“யாழ்ப்பாணமெண்டே போடு.”

“அப்ப அங்கிளின்ர கையெழுத்து வேணும்.”

திவசம் முடிந்த திங்கட்கிழமை, பலசரக்குக் கடை ஒன்றுக்கு மேலே இருந்து கையெழுத்துகளை உறுதிப்படுத்துகிற தமிழ் நொத்தாரிஸிடம் இவரோடு போனோம். மதுராதான் காரோட்டினாள். படி ஏறினோம், எங்கள் மூவருக்கும் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. நொத்தாரிஸ் தாளை நீட்டினார். இவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை.

“எங்க வைக்கிறது?” என்று கேட்டார். நொத்தாரிஸ் விரலால் காட்டிய இடத்தில் வாசிக்காமலே வைத்தார். பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு, கீழே கடையில் முருங்கைக்காய் கண்டேன், வாங்குவோமா என்றார்.

அவ்வளவுதான். அக்கா சாகும்வரை காத்திருந்தது இதற்குத்தான். கதிரையைப் பிடித்துக்கொண்டேன். மதுரா என் தோளில் கை வைத்தாள். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே, தன்னுடைய உடைந்த தமிழில், சொல் சொல்லாகத் தேடிக் கேட்டாள்.

“அம்மா, அப்பா மாட்டன் எண்டு சொல்லியிருந்தா?”

இவர் சிரித்தார். “நான் ஏன் பிள்ளை மாட்டனெண்டு சொல்லப்போறன்?”

சொல்லமாட்டார். நல்ல மனிதர். அத்தானையும் நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.